நாற்பதாயிரத்துக்குள் மகளுக்கு லேப்டாப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டிருப்பவர் திண்டுக்கல்லில் இருக்கும் ஓர் அம்மா. மகள் இந்த வருடம் பி.காம். சி.ஏ. (வணிகவியலோடு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) சேர்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் அதே லேப்டாப்பைத்தான் பயன்படுத்தப் போகிறான். கையில் இருப்பது 40,000 ரூபாய். ஆன்லைனில் ரைசன் 5 7520யூ ப்ராசஸர், 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) உள்ளது 36,000-க்குக் கிடைக்கிறது. ஊர்க் கடையில் இன்டெல் ஐ3-1215யூ, அதே 8 ஜிபி, அதே 512, 38,500 சொல்கிறார்கள். வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர், "எதற்கு இவ்வளவு செலவு, 22,000-க்கு ஐ7 பழசு ஒன்று வாங்கித் தருகிறேன்" என்கிறார். மூன்றில் எது?

சகோதரி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் இருக்கும் ஐ3. ஆனால் ஒரு நிபந்தனை: அதில் பிறகு ராம் சேர்க்க இடம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இந்த விலையில் லேப்டாப் செய்யும் எந்தக் கம்பெனியும் எங்கேயாவது ஓரிடத்தில் செலவைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குகிறவர் வேலை. எஸ்எஸ்டியைச் சின்னதாகப் போட்டிருந்தால் கவலையில்லை, இரண்டு வருடம் கழித்துப் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். ராம் குறைவாக இருந்து, அதை மாட்டும் இடமான ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் அதுவும் பரவாயில்லை. ப்ராசஸர், திரை, போர்டிலேயே பற்றவைத்த ராம், கீல் இவற்றில் கைவைத்திருந்தால் மூன்று நான்கு வருடமும் அந்தக் குறையோடுதான் ஓட்ட வேண்டும். பிறகு மாற்ற முடியாததற்குத்தான் இன்றைக்குக் காசு போட வேண்டும். நான் யாருக்கு லேப்டாப் தேர்ந்து கொடுத்தாலும் இந்த ஒரே கணக்கைத்தான் போடுகிறேன்.

இப்போது அந்த ரைசனைப் பார்ப்போம். பெயரில் 5 இருப்பதால் ஐ3-ஐ விட உசத்தி என்று தோன்றும். கடைக்காரர்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ரைசனைச் செய்யும் ஏஎம்டி கம்பெனியின் 7000 வரிசையில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம். அதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்கிறது. 7520யூ என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது ஜென் 2, 2019-இல் வந்த வடிவமைப்பு. சிப் விற்பனைக்கு வந்தது என்னவோ 2022-இல். நான்கு கோர். கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு. அதே ரைசன் 5 பெயரோடு 7530யூ என்று இன்னொன்று இருக்கிறது. ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் அது ஜென் 3, ஆறு கோர். வேகத்தில் இரண்டுக்கும் நல்ல இடைவெளி உண்டு. ஆன்லைன் பட்டியலில் இரண்டும் 'ரைசன் 5' என்றே பெரிய எழுத்தில் வரும், மாடல் எண் கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

7520யூவில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் வேகம்கூட இல்லை. அந்தச் சிப் எல்பிடிடிஆர்5 வகை ராமோடு மட்டும்தான் வேலை செய்யும். அந்த வகை ராம் இந்த லேப்டாப்களில் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு வருகிறது. 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். இன்றைக்கு 2,500 ரூபாய் மிச்சமாகும். இறுதியாண்டில் ப்ராஜெக்ட் செய்யும்போது லேப்டாப் திணறினால், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஐ3-1215யூ 2022-இல் வந்தது. ஆறு கோர்: இரண்டு வேகமானவை, நான்கு மின்சாரம் குறைவாக எடுப்பவை. பி.காம். சி.ஏ. பாடத்தில் வரும் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), எக்செல், சி, ஜாவா, பைத்தான், கொஞ்சம் டேட்டாபேஸ், கொஞ்சம் வெப் டிசைன் எல்லாவற்றுக்கும் இது தாராளமாகப் போதும். இதே விலைக்கு 1315யூ கிடைத்தாலும் எடுக்கலாம், அடுத்த வருடத்துச் சிப், பெரிய வித்தியாசம் இல்லை. ரைசன் 7530யூ உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். தள்ளுபடி நாட்களில் சில சமயம் வரும்.

ஒன்றை மட்டும் தொடவே வேண்டாம்: செலரான் என்4020, என்4500 போட்டவை. இரண்டே கோர். 20,000-க்கும் 25,000-க்கும் புது லேப்டாப் என்று அட்டைப்பெட்டியோடு கொடுப்பார்கள். அவற்றில் பலவற்றில் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப் இருக்கும், 64 ஜிபியோ 128 ஜிபியோ. அது போன்களில் பயன்படுத்திய பழைய வகை, போர்டிலேயே ஒட்டியது. விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் போதாமல் முழிக்கும். 2023-இல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக் மாதிரி 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி உள்ளவை பள்ளிப் பிள்ளை வீடியோ பாடம் பார்க்க உதவலாம். ஆனால் அதில் விண்டோஸ் கிடையாது, டேலி ஓடாது. க்ரோம்புக்குக்கும் இதே காரணம்தான். நல்ல பொருள், ஆனால் வணிகவியல் மாணவிக்கு டேலி இல்லாமல் முடியாது.

அந்த 22,000 ரூபாய் ஐ7 விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது தலைமுறை? ஐ7-6600யூ என்று பதில் வந்தால் அது 2015-ஆம் வருடத்துச் சிப், இரண்டே கோர். இன்றைய ஐ3 அதை எளிதாகத் தாண்டிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். பழையதில் குறுக்குவழியில் 11-ஐ ஏற்றித் தருகிற கடைகள் உண்டு. அன்றைக்கு ஓடும். பிறகு பெரிய அப்டேட் வரும்போது நின்றுபோனால், ஏற்றிக் கொடுத்தவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

பழசே வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லேப்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் நிறைய வருகின்றன. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 5490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5 எல்லாம் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, நான்கு கோர், ராமுக்கு இரண்டு ஸ்லாட். கீபோர்டும் கீலும் இன்றைக்கு 40,000-க்குக் கிடைக்கும் எந்தப் புது லேப்டாப்பையும் விட உறுதியானவை, அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டுவதற்கென்று செய்தவை. கையில் 20,000, 25,000-தான் இருக்கிறது என்று நீங்கள் கேட்டிருந்தால் நானே இவற்றைத்தான் காட்டியிருப்பேன்.

அப்படி வாங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆன் செய்யும்போது, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள், அது பழைய கம்பெனி போட்ட பூட்டு. அடுத்து பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், கமாண்ட் ப்ராம்ப்டில் ஒரு வரி அடித்தால் வந்துவிடும், கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். அதில் 'டிசைன் கெபாசிட்டி' என்றும் 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்றும் இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். உங்களிடம் 40,000 இருப்பதாலும், முதல் லேப்டாப் என்பதாலும், ரிப்பேருக்குச் சென்னைக்கு அலைய முடியாது என்பதாலும் உங்களுக்குப் புதுசே நல்லது.

சரி, ராம் ஸ்லாட்டை எப்படிப் பார்ப்பது? கடையில் டெமோவுக்கு வைத்திருக்கும் அதே மாடலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் 'மெமரி'யைத் தட்டுங்கள். வரைபடத்துக்குக் கீழே வலது பக்கம் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி இருக்கும். '1 ஆஃப் 2' என்றால் பெரும்பாலும் ஒரு ஸ்லாட் காலி. அதற்குக் கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று இன்னொரு வரி. அங்கே 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ராம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது. சில போர்டுகள் இந்த எண்ணைத் தப்பாகக் காட்டும், அதனால் இதோடு நிறுத்தாமல் மாடல் எண்ணை முழுதாகக் குறித்துக்கொண்டு கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தையும் பாருங்கள். எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எத்தனை ஜிபி என்று அங்கே இருக்கும். ராம் டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1215யூ இரண்டோடும் வரும், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது.

முழு மாடல் எண் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விவோபுக் 15, ஐடியாபேட் ஸ்லிம் 3, இன்ஸ்பிரான் 15 என்பதெல்லாம் குடும்பப் பெயர்தான். ஒரே பெயரில் பற்றவைத்த ராமோடும் வரும், ஸ்லாட்டோடும் வரும். நல்ல திரையோடும் வரும், மங்கல் திரையோடும் வரும். கடையில் பார்த்தது ஒன்று, பில் போட்டுக் கையில் கொடுப்பது இன்னொன்று என்று ஆகிவிடக் கூடாது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் டெமோ பீஸின் அடிப்பக்கத்து எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

8 ஜிபி போதாதா என்று கேட்கலாம். இன்றைக்குப் போதும். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே மூன்று, நான்கு ஜிபியை எடுத்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கும் அதிலிருந்தேதான் ஒரு பங்கு போகும். மிச்சத்தில் க்ரோமில் பத்து டேப், கூகுள் மீட், எக்செல் மூன்றும் சேர்ந்தால் நிறைந்துவிடும். போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எமுலேட்டரோடு (திரையிலேயே ஓடும் மாதிரி போன்) வேலை செய்ய 16 ஜிபி வேண்டும் என்று அதன் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். மகள் மூன்றாம் வருடத்தில் ஆப் செய்கிறேன் என்று ஆரம்பித்தால் அந்தக் காலி ஸ்லாட் அப்போது உதவும்.

ஆனால் ராம் விலை பழைய நிலையில் இல்லை. 2025 கடைசியிலிருந்து மெமரி கம்பெனிகள் தங்கள் உற்பத்தியை ஏஐ சர்வர்கள் பக்கம் திருப்பியதால் லேப்டாப் ராமின் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ராம் விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. முன்பெல்லாம் '8 ஜிபி வாங்குங்கள், பிறகு மலிவாகப் போட்டுக்கொள்ளலாம்' என்று யாருக்கும் தயங்காமல் சொல்வேன். இப்போது கணக்கைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்: அதே மாடல் 16 ஜிபியோடு மூவாயிரம், நாலாயிரம் கூட வைத்துக் கிடைத்தால், கொஞ்சம் சிரமப்பட்டாவது அதையே வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்லாட் உள்ள 8 ஜிபி.

திரையை யாரும் சோதித்துப் பார்த்து வாங்குவதில்லை. நாலைந்து மணி நேரம் பிள்ளை பார்க்கப் போவது அதைத்தான். 1920-க்கு 1080, அதாவது ஃபுல் ஹெச்டி, இதற்குக் கீழே போக வேண்டாம். அடுத்து ஐபிஎஸ் வகையா, டிஎன் வகையா என்று பாருங்கள். பட்டியலில் போட்டிருக்காவிட்டால் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். மனித முகம் உள்ள ஒரு படத்தைத் திறந்து வைத்துவிட்டு, மூடியை மெதுவாகப் பின்னால் சாயுங்கள், பிறகு குனிந்து கீழே இருந்து பாருங்கள். முகம் கறுத்து நெகட்டிவ் மாதிரி ஆனால் டிஎன். நிறம் மாறாமல் இருந்தால் ஐபிஎஸ் அல்லது அதற்கு இணையானது. அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வீட்டில் டிஎன் திரை பெரிய தொல்லை.

கீல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சர்வீஸ் மேசைக்கு வரும் மாணவர் லேப்டாப்களில் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. மலிவு லேப்டாப்பில் கீல் இரும்புதான், அது உடைவதில்லை. கீலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ உள்ளே சின்னப் பித்தளை மரையில் இறங்கும். அந்த மரை பிளாஸ்டிக்கில் புதைத்து வைக்கப்பட்டிருக்கும். மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது எல்லாப் பாரமும் அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் விழும். நாளாக ஆக அது விரிசல் விட்டு, ஒருநாள் மரையோடு பெயர்ந்து வந்துவிடும். திறக்கும்போது ஓரத்தில் உறை பிளந்து நிற்கும், 'டக்' என்று சத்தம் வரும். அப்போதே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுக் கொண்டுவந்தால் சரிசெய்யலாம். விட்டால் திரைக்குப் போகும் கேபிளையும் சேர்த்து அறுத்துவிடும். மூடியின் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லி முதல் நாளே இரண்டு பிள்ளைகளுக்கும் பழக்கிவிடுங்கள். கடையில் திறந்து மூடிப் பார்க்கும்போது கீல் ரொம்ப இறுக்கமாக இருந்து, கீழ்ப்பாகமும் சேர்ந்து தூக்கினால் அந்த மாடல் வேண்டாம்.

காசு போட வேண்டாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். டச் ஸ்க்ரீன் வேண்டாம். பின்னால் முழுதாக மடங்கும் வகை வேண்டாம். பெட்டியில் ஏஐ என்று போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம், சாட்ஜிபிடி மாதிரியானவை எல்லாம் இணையத்தில்தான் ஓடுகின்றன, எந்த லேப்டாப்பிலும் வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டட வரைபடம், த்ரீடி, வீடியோ எடிட்டிங் படிப்பவர்களுக்கு. உங்கள் மகனுக்குக் கேம் ஆசை இருக்கலாம், அது வேறு பட்ஜெட்.

விண்டோஸ் இல்லாமல், டாஸ் என்று போட்டு மலிவாகத் தருவதை வாங்காதீர்கள். விண்டோஸும் ஆபீஸும் லைசென்ஸோடு சேர்ந்து வருவதை வாங்குங்கள். அப்படி வாங்கும்போது கடைக்காரர் "நானே செட் பண்ணித் தருகிறேன்" என்பார். அங்கே கவனம் வேண்டும். கூட வரும் ஆபீஸ், முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறக்கிறார்களோ அந்தக் கணக்கோடு பிணைந்துவிடும். அவசரத்துக்குக் கடையின் கணக்கில் திறந்துவிட்டால் ஆபீஸ் உங்களுடையது இல்லை. இன்னொன்று அதைவிட முக்கியம். இப்போது வரும் விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததும் எஸ்எஸ்டி முழுவதையும் தானாகவே பூட்டி வைத்துவிடுகிறது. பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். ஏதோ ஓர் அப்டேட்டுக்குப் பிறகு அந்த எண்ணைத் திரை கேட்கும், கணக்கோ பாஸ்வேர்டோ யாருக்கும் நினைவிருக்காது. ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் உள்ளேயே நின்றுவிடும், எந்த சர்வீஸ் சென்டராலும் எடுத்துக் கொடுக்க முடியாது. மகள் பெயரில், அவள் கையிலிருக்கும் போன் எண்ணோடு ஒரு கணக்கு திறந்து, அதில் செட் செய்யச் சொல்லுங்கள். அந்த 48 இலக்க எண்ணை அன்றே நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். தம்பிக்குத் தனியாக ஒரு யூசர் போட்டுக் கொடுங்கள், அட்மின் உரிமை இல்லாமல். அக்காவின் பாட ஃபைல்கள் தப்பிக்கும்.

டேலியைத் திருட்டு காப்பியாக ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதோடு சேர்ந்து வைரஸ்தான் வரும். டேலி ப்ரைமில் கல்விக்கான பயன்முறை இலவசமாகவே இருக்கிறது. மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும், பழகுவதற்கு அது போதும். தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-லேயே இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்துகொண்டால் போதும்.

வாரண்டியில் ஒரு சின்ன வேலை உண்டு. வாங்கிய அன்றே அடிப்பக்கத்து சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். கிடங்கில் கிடந்த சரக்காக இருந்தால் சில சமயம் மாதக்கணக்கில் முன்பே தொடங்கியிருக்கும். ஜிஎஸ்டி பில்லைக் காட்டினால் கம்பெனி திருத்திக் கொடுக்கும். திண்டுக்கல்லில் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது, எதற்கு மதுரைக்குப் போக வேண்டும் என்பதையும் வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். இரண்டு லேப்டாப் சமமாகத் தோன்றினால் பக்கத்தில் சர்வீஸ் உள்ளதை எடுக்கலாம்.

கடைசியாக, காசை எடுப்பதற்கு முன் ஒன்று. மகள் சேர்வது அரசுக் கல்லூரியா? 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. மகளின் பிரிவுக்கும் ஆண்டுக்கும் அது உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். உண்டு என்றால் முதல் பருவத்துக்குக் கல்லூரி லேபே போதும், காத்திருக்கலாம். இல்லை என்றால் கடைக்குப் போய் அந்த ஐ3-யின் டாஸ்க் மேனேஜர் திரையையும் அடிப்பக்கத்து ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், ஸ்லாட் உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.